பிழை என்று எழுதுவது

தப்பாகப் பார்த்ததற்கு ஒருவன் பொறுப்பாவானா? தப்பாகச் செய்ததற்கு, தெரிந்தே பொய் சொன்னதற்கு, மறைத்ததற்கு எல்லாம் பொறுப்பு உண்டு என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. பார்ப்பது வேறு வகை. கண்ணைத் திறந்தால் தெரிகிறது. இன்னதுதான் தெரியவேண்டும் என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஞாபகமும் இப்படித்தான். கூப்பிடாமலே வந்து நிற்கிறது, நான்தான் நடந்தது என்கிறது, நம்புகிறோம். இந்தக் கேள்வி எனக்குத் தத்துவப் புத்தகம் எதிலிருந்தும் வரவில்லை. 2024 ஜூலையில், ஓஹையோ மாநிலத்துச் சுங்கச் சாலையில், அண்ணன் ஓட்டிய காரில், இரண்டு பேஸ்பால் மைதானங்களுக்கு நடுவே வந்தது. வந்த வழியை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் வைத்தால் அது பரீட்சைத் தாள் மாதிரி ஆகிவிடும். ஆகவே வழியையும் சொல்கிறேன். வாரப் பத்திரிகைகளில் வரும் பிரயாணக் கட்டுரையாக இது ஆகிவிடக்கூடாதே என்ற பயத்துடன்தான்.

அண்ணன் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறான். பதினாறு வருஷமாக. அங்கே வேனில் காலத்தில் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மைதானம் மைதானமாக ஆட்டம் பார்ப்பதை ஒரு விரதம் போலச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய லீகின் முப்பது மைதானங்களையும் பார்த்து முடித்தவர்கள் பேசுகிற தோரணை, பாடல் பெற்ற தலங்கள் இத்தனை ஆயிற்று இன்னும் இத்தனை பாக்கி என்று எங்கள் வங்கிக்கு வரும் ஒரு ஓய்வூதியக்காரர் பேசுவதற்குக் கிட்டத்தட்ட சமம். எனக்கு மூன்றுதான் கிடைத்தது: பிட்ஸ்பர்க், கிளீவ்லண்ட், டெட்ராய்ட். சேர்த்து வைத்த விடுமுறையில் அதற்குமேல் இடமில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆட்டத்தில் முதலில் உறுத்துவது ஸ்கோர் பலகையின் ஓரத்தில் இருக்கும் மூன்று கட்டங்கள். ஓட்டங்கள், அடிகள், பிழைகள். மூன்றாவது கட்டம்தான் விசேஷம். கைக்கு வந்த காட்சைக் கிரிக்கெட்டில் ஒருவன் நழுவவிட்டால் அவனை மைதானமே திட்டும். ஆனால் பழைய ஸ்கோர் புத்தகத்தில் அதை எழுத இடம் கிடையாது. அது நடக்காத மாதிரி. பேஸ்பாலில் எழுதுகிறார்கள். பந்தை அடித்தவன் ஓடி முதல் தளத்தை அடைந்துவிட்டான் என்றால் அது அவன் அடியின் சாமர்த்தியமா, தடுப்பவனின் பிழையா என்று தீர்மானிக்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மைதானத்தில் ஓடும் நடுவர் வேறு, இவர் வேறு. இவர் பத்திரிகைக்காரர்கள் வரிசையில் இருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர். சாதாரண முயற்சியில் அதைப் பிடித்திருக்க முடியுமா என்பது விதிப் புத்தகம் அவருக்குத் தரும் அளவுகோல். சாதாரண முயற்சி! அறவியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தீராத ஒரு சமாசாரத்தை ஒரு ஆள் அரை நிமிஷத்தில் தீர்த்துப் பலகையில் விளக்கேற்றிவிடுகிறார். ஆட்டத்தின் கணக்கைச் சிறு கட்டங்களுக்குள் அடைக்கும் வழக்கத்தை 1859 வாக்கில் நிலைநாட்டியவர் ஹென்றி சாட்விக் என்ற நியூயார்க் நிருபர். இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றி எழுதிவந்தவர். கிரிக்கெட்டிடமிருந்து கணக்கை வாங்கி, கிரிக்கெட் எழுதாமல் விட்டதையும் சேர்த்து எழுதும் ஒரு மரபு அவர் கையில் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணன் மைதானத்தில் நுழைந்ததும் ஸ்கோர் அட்டை வாங்குவான். பென்சில் அவனிடமே இருக்கும். எறிபவன் 1, பின்னால் நின்று பிடிப்பவன் 2, முதல் தளத்துக்காரன் 3 என்று வலப்புற வெளிக்களத்துக்காரன் 9 வரை எண்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஆரவாரம் எழும்போது அவன் தலை குனிந்திருக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் கட்டத்தை நிரப்புவதில் எதையோ பார்க்காமல் விடுகிறார்கள் என்று அன்று எனக்குப் பட்டது. நான் ஒரு வங்கிக் குமாஸ்தா. கட்டங்களின் மேல் எனக்கு ஏளனம் இருக்கக்கூடாது. ஆனாலும் இருந்தது. எழுதுகிறவன் எழுதட்டும், நான் பார்க்கிறேன் என்று கர்வமாக உட்கார்ந்திருந்தேன்.

லெட்ஜர் பற்றி ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்து லெட்ஜர்கள் போய்விட்டன. ஆனால் அவற்றில் இருபது வருஷம் எழுதிய ஒரு தலைமைக் காசாளரிடம்தான் பழகினேன். தப்பான தொகையைச் சுரண்டி எடுக்கவே கூடாது என்பார் அவர். அதன் மேல் ஒரே ஒரு கோடு போடவேண்டும், அடியில் இருப்பது படிக்கிற மாதிரி, மேலே சரியான தொகை, பக்கத்தில் சுருக்கொப்பம். இப்போது கம்ப்யூட்டரிலும் தர்மம் அதுதான். தப்பாகப் பற்று வைத்ததை அழிக்க முடியாது, ரிவர்ஸல் என்ட்ரி போடலாம். வாடிக்கையாளரின் கணக்கு அறிக்கையில் இரண்டும் வரும். தப்பு நடந்தது என்பதும் ஒரு உண்மை, அதையும் வைத்திருக்கவேண்டும் என்பதுதான் இதன் அடியில் உள்ள எண்ணம். இதை ஒரு பெரிய அறமாக நான் அப்போது நினைத்ததில்லை. ஆடிட்டருக்குப் பயந்து செய்கிற காரியம் என்றுதான் நினைத்தேன்.

பிட்ஸ்பர்க்கில் ஆட்டத்துக்கு முன் பகலில் அண்ணன் என்னை ஒரு சுவரைப் பார்க்க அழைத்துப் போனான். பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவில் செங்கல் சுவர், மேலே கொடி. 1909 முதல் 1970 வரை இருந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் எஞ்சியவற்றில் ஒன்று அது. 1960 அக்டோபர் 13 அன்று உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் அங்கே நடந்தது. பில் மாசெராஸ்கி அடித்த பந்து இடப்புறச் சுவரைத் தாண்டிப் போக, பிட்ஸ்பர்க் 10-9 என்று நியூயார்க் யாங்கீஸை ஜெயித்தது. பிற்பகல் 3.36 மணி. 1985 முதல் ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் சிலர் இந்தச் சுவரடியில் கூடி, அன்றைய வானொலி வர்ணனையை ஒலிபரப்பிக் கேட்கிறார்கள். பந்து சுவரைத் தாண்டும் இடம் சரியாக 3.36க்கு வரும்படி நேரம் பார்த்துத் தொடங்குகிறார்கள். அண்ணன் ஒரு வருஷம் போயிருக்கிறான். மடக்கு நாற்காலிகளில் வயோதிகர்கள், முடிவு தெரிந்த ஆட்டத்தில் முடிவுக்கு முன் கையைப் பிசைந்துகொண்டு இருந்தார்களாம்.

அவர்கள் கேட்கிற வர்ணனையில் ஒரு தப்பு இருக்கிறது. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வர்ணனையாளர் சக் தாம்ப்ஸன் அந்தப் பந்தை எறிந்தவர் ஆர்ட் டிட்மார் என்கிறார். எறிந்தவர் ரால்ஃப் டெர்ரி. டிட்மார் அப்போது பந்து எறிபவர்கள் தயாராகும் இடத்தில் இருந்தார். ஆரவாரத்தின் உச்சத்தில் ஸ்கோரையும் பத்துக்குப் பூஜ்யம் என்று தாம்ப்ஸன் உளறிவிட்டு உடனே திருத்திக்கொள்கிறார். பெயரைத் திருத்தவில்லை. பின்னால் இந்த வர்ணனையை நினைவு இசைத்தட்டாக வெளியிட்டபோது மறுபடி சரியாகப் பேசிப் பதிவு செய்ய அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். வேண்டாம், இருந்தபடியே இருக்கட்டும் என்றுவிட்டார். வரலாற்றுக்கு நேர்மை! ஆனால் இன்னொருவர் இருக்கிறாரே. 1985இல் ஒரு பீர் விளம்பரம் அந்த வர்ணனையை எடுத்துப் பயன்படுத்தியது. எறியாத பந்துக்குத் தன் பெயர் கெடுகிறதென்று டிட்மார் வழக்குப் போட்டார். தோற்றார். அந்த ஆட்டத்தின் முழுப் படச்சுருள் வேறு ஐம்பது வருஷம் போல யாருக்கும் தெரியாமல் இருந்து, 2009இல் பாடகர் பிங் கிராஸ்பியின் வீட்டு மது நிலவறையில் கிடைத்தது. எறிந்தவர் யாரென்று படம் காட்டுகிறது. சுவரடியில் கூடுகிறவர்கள் இன்னும் வானொலியைத்தான் கேட்கிறார்கள்.

என் தலைமைக் காசாளர் இதை ஒப்புக்கொள்வாரா? தப்பை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள், சரி. மேலே கோடு எங்கே? சுருக்கொப்பம் எங்கே? தன் தப்பைத் திருத்தாமல் விடுவது தாம்ப்ஸனின் உரிமை போலத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தப்பின் சுமை விழுந்தது டிட்மார் தோளில். பார்த்தவன் ஒருவன், பார்க்கப்பட்டவன் வேறொருவன் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம்.

பிட்ஸ்பர்க்கின் இப்போதைய மைதானம் 2001இல் கட்டியது. ஆட்ட நாட்களில் கார்களுக்கு மூடிவிடும் பாலத்தின் மேல் நடந்து போகலாம். பாலத்தின் பெயர் ராபர்டோ கிளெமெண்டே. நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருட்களை ஏற்றிக்கொண்டு போன விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31இல் இறந்தவர். அவருடைய அடிகள் சரியாக 3000. மூவாயிரமாவது அடிக்கு முதல் நாள் அவர் அடித்த ஒரு பந்தை ஸ்கோரர் அடி என்று கொள்ளாமல் தடுப்பவனின் பிழை என்று எழுதினார், கிளெமெண்டேக்குக் கோபம். மறுநாள் இன்னொன்று அடித்தார். அதற்குப் பிறகு லீக் ஆட்டத்தில் அவர் அடிக்கவில்லை. 3000 என்ற அந்த உருண்டை எண்ணுக்குள் ஒரு மனிதரின் அரை நிமிஷத் தீர்மானம் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரே தட்டில் வைத்து 'மனிதக் கண் தவறக்கூடியது' என்று பெருமூச்சு விடுவது சௌகரியம். அதே ஊரில் அதற்கு மறுப்பும் இருக்கிறது. ஜோஷ் கிப்ஸன் பிட்ஸ்பர்க் பக்கத்து அணிகளான க்ராஃபர்ட்ஸுக்கும் ஹோம்ஸ்டெட் க்ரேஸுக்கும் ஆடியவர். கறுப்பர், ஆகவே பெரிய லீகில் ஆட விடவில்லை. 1947 ஜனவரியில், 35ஆம் வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஏப்ரலில் ஜாக்கி ராபின்ஸன் பெரிய லீகில் இறங்கினார். கறுப்பர் லீகுகளும் பெரிய லீகுகள்தான் என்று நிர்வாகம் 2020 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் கணக்குகளைச் சேர்த்தார்கள். கிப்ஸனின் அடி விகிதம் .372. டை காப்பின் .367ஐத் தாண்டி முதலிடம். நாங்கள் போனபோது இரண்டு மாதப் பழைய செய்தி. இங்கே யாருடைய கண்ணும் தவறவில்லை. பார்க்கக்கூடாது என்று தீர்மானித்துவிட்டு, பார்க்காததால் எழுதவில்லை என்று எழுபது எண்பது வருஷம் சொன்னார்கள். இதை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே நேர்மையாகத் தப்பாகப் பார்த்தவன், பார்க்க மறுத்தவன் என்று இரண்டு பேரைப் பிரித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. பிரித்துக்கொண்டேன், பிட்ஸ்பர்க்கில், ரொம்ப சுலபமாக. நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கிளீவ்லண்ட் ஆட்டம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல வெயில், பக்கத்தில் ஒரு குழந்தை ஆட்டம் முழுவதும் தூங்கியது. மறுநாள் டெட்ராய்ட்டுக்கு மேற்கே போகிற சாலையில், இரண்டு பக்கமும் சோளம். ஏதோ பேச்சில் அப்பா வந்தார். அப்பா இறந்தது 2014இல். அண்ணன் வரவில்லை. கொள்ளி வைத்தது நான். மூத்தவன் இருக்க இளையவன் வைத்தான் என்று ஊரில் இரண்டு வருஷம் பேச்சு. நான் யாரிடமும் அண்ணனைக் குறை சொன்னதில்லை. குறை சொல்லாமல் இருப்பதையே ஒரு தோரணையாக வைத்துக்கொண்டிருந்தேன். அன்றும் அதே தோரணையில், "விடு, உனக்கு லீவு கிடைக்கலே, என்ன செய்வே" என்றேன்.

"லீவா?" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, சாலையைப் பார்த்தபடியே, "நீதானடா வரவேண்டாம்னே. ஐஸ் பெட்டி சரியா வேலை செய்யலே, நீ வந்து சேர ரெண்டு நாள் ஆகும், பத்துக்கு வந்தாப் போதும்னு சொன்னே. டிக்கெட்டை நான் கையிலே வெச்சிண்டு நின்னேன்" என்றான்.

எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. விடியற்காலை மூன்று மணி, திண்ணையில் நின்று பேசினேன், அவன் அழுதான், லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றான், பிறகு முடியவில்லை என்றான். வரிசையாக ஞாபகம் இருக்கிறது. திண்ணையின் ஈரம் உள்ளங்காலில் இருக்கிறது. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. நானும் இல்லை. டொலீடோ வரும்வரை இருவரும் பேசவில்லை.

டெட்ராய்ட்டில் முதலில் பழைய மைதானம் இருந்த தெரு முனைக்குப் போனோம். 1912இல் திறந்து, 1999இல் கடைசி ஆட்டம் ஆடி, 2009இல் இடித்து முடித்த இடம். இப்போது செயற்கைப் புல் விரித்துப் பையன்கள் ஆடுகிறார்கள். அண்ணன் ஒரு படம் எடுத்தான். புது மைதானத்தில் எங்களுக்கு இரவு ஆட்டம். முதல் தளத்துக்கு நேர் மேலே இடம். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலால் தளத்தைக் காட்டி, 2010 ஜூன் 2ஆம் தேதியைப் பற்றி அவன் சொன்னான். வேண்டுமென்று சொன்னானா, அந்த இடத்தில் உட்கார்ந்தால் எவனும் சொல்லும் கதை என்பதால் சொன்னானா, தெரியவில்லை.

அன்று டெட்ராய்ட்டுக்காகப் பந்து எறிந்தவர் அர்மாண்டோ கலராகா, வெனிசுலாக்காரர், பெரிய பெயர் இல்லாதவர். எதிரணி கிளீவ்லண்ட். இருபத்தேழு பேரையும் ஒருவர்கூட முதல் தளத்தை எட்டாமல் வெளியேற்றினால் அது முழுமையான ஆட்டம். அன்று மாலை வரை அந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் அப்படி நடந்தது இருபது தடவை. கலராகா இருபத்தாறு பேரை வெளியேற்றிவிட்டார். இருபத்தேழாவது ஆள் ஜேஸன் டொனால்ட் தட்டிய பந்து தரையோடு உருள, முதல் தளத்துக்காரர் கப்ரேரா நகர்ந்து எடுத்து, ஓடிவந்த கலராகாவிடம் எறிந்தார். பந்தும் காலும் தளத்தைச் சேர்ந்த பிறகுதான் டொனால்டின் கால் வந்தது. ஒரு முழு அடி தூரம் என்கிறார்கள். மைதானத்தில் இருந்த சுமார் 17,700 பேருக்கும் தெரிந்தது. முதல் தளத்து நடுவர் ஜிம் ஜாய்ஸ் கைகளை அகல விரித்தார்: ஓடியவன் தப்பித்தான். (ஆங்கிலம் படித்தவனுக்குக் கண் மங்கிய இன்னொரு ஜாய்ஸ் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. இவருக்குக் கண் நன்றாகவே இருந்தது. அதுதான் விஷயம்.) கலராகா சிரித்தார். கத்தவில்லை, கையை உயர்த்தவில்லை; சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த ஆளை வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார்.

ஆட்டம் முடிந்து அறைக்குப் போய் ஜாய்ஸ் படத்தைப் போடச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பையனிடமிருந்து நான் பறித்துவிட்டேன் என்று நிருபர்களிடம் ஒப்புக்கொண்டார். கலராகாவைப் பார்த்து அழுதார். அப்போதைய கமிஷனர் பட் ஸீலிக் தீர்ப்பை மாற்ற மறுத்தார். மறுநாள் பகல் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கவேண்டியவர் ஜாய்ஸ். விலகிக்கொள்ளலாம் என்றார்கள், விலகவில்லை. ஆட்டக்காரர்கள் பட்டியலை நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க டெட்ராய்ட் அணி கலராகாவை அனுப்பியது. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அதே மாதத்தில் ஆட்டக்காரர்களிடையே ஒரு பத்திரிகை எடுத்த கணிப்பில் மிகச் சிறந்த நடுவர் என்று ஜாய்ஸைத்தான் சொன்னார்கள். 2014இல் இருந்து இப்படிப்பட்ட தீர்ப்புகளைப் படம் பார்த்துத் திருத்த விதி வந்துவிட்டது.

இதைக் கேட்கிற எல்லோருக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. எனக்கும். ஆனால் இந்தத் தொண்டை அடைப்பை நான் சந்தேகிக்கிறேன். பதிவு தப்பாக இருந்தால் என்ன, இரண்டு மனிதர்கள் உயர்ந்தார்களே, முழுமையான ஆட்டத்தைவிட இது பெரிதில்லையா என்று பிரசங்கம் பண்ணுகிறார்கள். கலராகா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. 2020இல், பத்து வருஷம் கழித்து, அந்த ஆட்டத்தை முழுமையான ஆட்டம் என்று அங்கீகரிக்கவேண்டும் என்ற தன் விருப்பத்தை அவர் வெளிப்படையாகச் சொன்னார். மன்னித்தவர்தான். ஜாய்ஸோடு சேர்ந்து புத்தகம்கூட எழுதியவர். மன்னித்துவிட்டான் என்பதால் அவன் கணக்கு தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னது? அவனுடைய பெருந்தன்மையை ரசித்துவிட்டு அவனுக்குச் சேரவேண்டியதைத் தராமல் இருப்பது பார்வையாளர்களுக்கே உரிய ஒரு அற்பத்தனம். பதிவைத் தொடக்கூடாது என்ற வாதமும் நிற்காது. 1959இல் இதே பிட்ஸ்பர்க் அணிக்காக ஹார்வி ஹாடிக்ஸ் பன்னிரண்டு இன்னிங்ஸ் ஒருவரையும் தளம் ஏறவிடாமல் எறிந்து, பதின்மூன்றாவதில் தோற்றார். அந்த ஆட்டத்தை 1991இல் ஒரு குழு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எடுக்க முடியுமென்றால் சேர்க்கவும் முடியும்.

ஜாய்ஸ் விஷயத்தில் என்னைத் தொந்தரவு செய்வது வேறு. அவர் பார்த்தது உண்மையாகவே அப்படித்தான். ஓடியவன் முந்திவிட்டதாக அவர் கண் பார்த்தது. சந்தேகமில்லாமல் கையை விரித்தார். அந்தக் கணத்தில் அவரிடம் குற்றம் எதுவும் இல்லை. பிறகு படம் காட்டியது, ஒப்புக்கொண்டார். அவருடைய மேன்மை எல்லாம் படம் பார்த்ததற்குப் பின்னால் இருக்கிறது. படம் இல்லை என்றால்? கலராகாவும் டொனால்டும் ஜாய்ஸும் மட்டும் இருந்து, ஆளுக்கொன்று சொல்லியிருந்தால்? அப்போது ஜாய்ஸ் சொல்லக்கூடிய அதிகபட்ச நேர்மையான வார்த்தை 'இருக்கலாம்'. இருக்கலாம் என்பது ஒரு கோழையின் வார்த்தை. அது அடியும் இல்லை, பிழையும் இல்லை. அதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. திண்ணையில் நின்று பேசிய அந்தத் தொலைபேசிக்கும் படம் இல்லை.

விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிற நாமும் இந்த ஸ்கோரர் வேலையைத்தான் செய்கிறோம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு கவிதைத் தொகுதியைப் பற்றி எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறு பத்திரிகையில் எழுதினேன். முதல் தொகுதி, அவருக்கு இருபத்திரண்டு வயது. சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடியதையும் நழுவவிட்டவர் என்ற தொனியில் எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தொகுதியை மறுபடி படித்தபோது நான் அன்று பார்க்காமல் விட்டது பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அவர் அதற்குப் பிறகு தொகுதி போடவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளும் அகங்காரம் எனக்கு இல்லை. ஆனால் மேலே ஒரு கோடு போட்டுச் சுருக்கொப்பம் இட எந்தப் பத்திரிகைக்கும் நான் எழுதிப் போடவில்லை என்பது உண்மை.

ஊர் திரும்பிய பிறகு நண்பர்களிடம் மைதானங்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஒரு காட்சியைச் சொல்வேன். பிட்ஸ்பர்க்கில், எட்டாவது இன்னிங்ஸில், வலப்புற வெளிக்களத்துக்காரன் உயர்ந்த சுவரை நோக்கிப் பின்னால் ஓடி, கையுறையில் பட்ட பந்தை நழுவவிட்டான். சுவருக்கு அப்பால் ஆறு. மைதானம் முழுவதும் ஒரு மூச்சு விட்டது. பலகையில் பிழை என்ற கட்டத்தில் பூஜ்யம் ஒன்றாக மாறியது. அவன் அதைத் திரும்பிப் பார்த்தான். ஒரு மனிதனின் பிழையை இருபதாயிரம் பேர் முன்னால் விளக்கில் எழுதுவதை நான் நேரில் பார்த்தேன் என்று சொல்வேன். நன்றாகச் சொல்வேன். இந்தக் கட்டுரையே அந்தக் காட்சியில் தொடங்குவதாகத்தான் இருந்தது.

அதைச் சரிபார்த்துக்கொள்ள, போன ஜனவரியில் அண்ணனிடம் அட்டைகளைக் கேட்டேன். மூன்றையும் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். பிட்ஸ்பர்க் அட்டையில் அப்படி எதுவும் இல்லை. கிளீவ்லண்ட் அட்டையில், ஆறாவது இன்னிங்ஸில் இருக்கிறது. இடப்புற வெளிக்களத்துக்காரன், 7. அங்கேதான் உயரமான சுவர் இடப்புறம். அப்பால் ஆறு கிடையாது. எழுதியிருப்பது பிழை என்றில்லை. இரண்டு தள அடி. அண்ணன் பென்சிலில் ஓரமாக 'கையில் பட்டது, ஆனாலும் அடி' என்று சிறியதாக எழுதி வைத்திருக்கிறான். சாதாரண முயற்சியில் அதைப் பிடித்திருக்க முடியாது என்று ஸ்கோரர் தீர்மானித்திருக்கிறார். அன்று கிளீவ்லண்டின் பிழைக் கட்டம் கடைசி வரை பூஜ்யம்தான்.

ஆற்றை நான் வைத்தேன். ஊரை மாற்றினேன். இடத்தை வலமாக்கினேன். விடுவிக்கப்பட்ட ஒருவன் மேல் பிழையை ஏற்றி, அவனைத் திரும்பிப் பார்க்கவும் வைத்தேன். ஆறே மாதத்தில். நடுவில் நடந்தது ஓஹையோ சாலையில் ஒரு பேச்சு மட்டும்தான்.

தட்டி எழுப்பினால் இன்றும் எனக்கு அந்த ஆறுதான் தெரிகிறது. அட்டையைப் பார்த்த பிறகும் ஞாபகம் மாறவில்லை. நான்தான் அதை நம்பாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு விடியற்காலைக்கு இதைவிட என்ன மதிப்புக் கொடுப்பது? அப்பாவின் கடைசிக் காரியத்தை மூத்தவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேனா? அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை இருந்ததா? இருந்தது என்பதை இங்கே எழுதலாம். அப்பாவுக்குக் கடைசி ஆறு வருஷம் பக்கத்தில் இருந்தவன் நான். அந்தக் காரியம் எனக்குச் சேரவேண்டியது என்று அந்த இரவுக்கு முன்பே ஒரு தடவைக்கு மேல் நினைத்திருக்கிறேன். ஐஸ் பெட்டி சரியாக வேலை செய்யவில்லை என்பதும் உண்மை. சித்தப்பா ஐஸ் கட்டி வாங்க ஓடியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை அண்ணனுக்கு நான் சொல்லாமல் வேறு யார் சொல்லியிருப்பார்கள் என்பதுதான் இப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. அப்பா பற்றி ஒன்றும் எழுதவில்லை. டெட்ராய்ட் இரவு ஆட்டம் இல்லை, பகல் ஒரு மணி ஆட்டம், நீ வெயில் தாங்காமல் என் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டாய், என்று மட்டும் இருந்தது. மேலே இரவு என்று இருப்பதை நான் அழிக்கவில்லை.